மாப்பிள்ளை விசாரிக்கப் போன இடத்தில் ஓர் இரும்புச் சிற்பம்

சந்தேகப்படுவதற்கென்றே பிறந்தவன் நான். பால்காரர் சிரித்தால் பாலை இன்னொரு தடவை காய்ச்சச் சொல்வேன். (வீட்டில் இதை வியாதி என்கிறார்கள். நான் பொது அறிவு என்கிறேன்.)

அதனால்தான் அக்கா மகள் காயத்ரிக்கு வரன் வந்தபோது, விசாரிக்கும் வேலை தாய்மாமனான என் தலையில் விழுந்தது. மாப்பிள்ளை திவாகர், அலுவிகாரை என்ற ஊருக்கு அப்பால் ஒரு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். காயத்ரிக்குப் போட்டோவிலேயே பிடித்துவிட்டது.

"தம்பி, பையனுக்குத் தெரியாமப் பாத்துட்டு வா. வேவு பாக்குறோம்னு தெரிஞ்சா சம்பந்தமே கெட்டுப் போயிரும்" என்றாள் அக்கா.

பல்கலைக்கழகத்தில் மாப்பிள்ளையின் அறைக்கு எதிரே புல்வெளியில் ஓர் இரும்புச் சிற்பம். காற்றில் குடை மடங்கிப்போன மூன்று பேர் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வது போலிருந்தது. அதன் பின்னால் நின்றுகொண்டேன். யாராவது கடந்தால் கலாரசிகனாகித் தலையைச் சாய்த்து, இரும்பைத் தட்டிப் பார்ப்பேன். ஆள் போனதும் இடுக்கு வழியாக ஜன்னலைப் பார்ப்பேன். மாப்பிள்ளை டீ குடித்துக்கொண்டிருந்தார். டீதானா? எட்டிப் பார்க்கப் பிடித்த பிடியில் ஒரு நட்டு கழன்று கையோடு வந்துவிட்டது.

"மாத்தயா, கையில என்ன?" பின்னால் செக்யூரிட்டிக்காரர், சிங்களத்தில்.

"கலை" என்றேன், நானும் சிங்களத்தில்.

"அதை ஏன் பாக்கெட்டுல போடுறீங்க?"

(உண்மைதான். பதற்றத்தில் கை தானாகப் போய்விட்டது.)

"இங்க யாரைத் தெரியும்? பேரைச் சொல்லுங்க. இல்லாட்டி பொலிஸுக்குச் சொல்லுவேன்."

எனக்குத் தெரிந்த பெயர் ஒன்றே ஒன்று. காயத்ரிக்காக எந்தத் தியாகத்துக்கும் தயாராகத்தான் இருந்தேன், செக்யூரிட்டிக்காரர் போனைக் கையில் எடுக்கும் வரை.

திவாகர் வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவரை எனக்குத் தெரியாதே."

"தம்பி, நான் பொண்ணோட தாய்மாமன்!"

"எந்தப் பொண்ணு?"

"ஏன், எத்தனை பொண்ணு பாக்குறீங்க?" என்று அதட்டினேன், பாக்கெட்டில் திருட்டு நட்டோடு.

ஒரு கணம் எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன். திவாகர் சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல் சிற்பத்தைப் பிடித்துக்கொண்டார். பிறகு என்னிடமிருந்து நட்டை வாங்கி, தானே மாட்டி முடுக்கினார்.

"பையன் எப்படிடா?" என்றாள் அக்கா, நான் வீடு திரும்பியதும்.

"தங்கமான பையன். கோபமே வராது."

"அது எப்படி உனக்குத் தெரியும்?"

அதற்குள் மாப்பிள்ளை வீட்டுப் போன் வந்துவிட்டது.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. இன்றும் சம்பந்தி வீட்டுக்கு நான் போனால், சம்பந்தியம்மா "வாங்கண்ணே" என்று வாய் நிறையக் கூப்பிட்டு, முன்னறைக் குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டுபோய் உள்ளே வைப்பார். காயத்ரியும் திவாகரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அந்த அம்மா மட்டும் சிரிப்பதில்லை.