வெள்ளை பீஸும் வெட்டுப்பட்ட விரலும்

படித்தவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சொந்த விரலில் ரத்தம் வந்தாலும் அதை வைத்துப் பாடம் நடத்தத் தோன்றும். எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான். அதனால் எனக்கு அந்தப் பழக்கம் கொஞ்சம் கூடுதல்.

விலங்கியல் பட்டம் வாங்கி, எங்கள் ஊர் மண்ணரையில் அம்மா பிசிறு நூல் வெட்டும் பனியன் கம்பெனியிலேயே செக்கிங்கில் சேர்ந்த முதல் வாரம். மேனேஜரிடம் பேசிச் சேர்த்துவிட்டதும் அம்மாதான். வெள்ளை சாம்பிள் பீஸ்களை என் மேசையில் வைத்த மேனேஜர், "சாயங்காலம் கூரியர்ல போகோணுங்க. இது ஓகே ஆனாத்தான் ஆர்டரு" என்றார்.

ஒரு பீஸில் நூல் நீட்டிக்கொண்டிருந்தது. அம்மாவிடம் கொடுத்திருக்கலாம். (பட்டதாரிக்கு நூல் வெட்டத் தெரியாதா என்ன?) டிரிம்மர் கத்திரியை எடுத்தேன். நூலோடு விரலும் வெட்டுப்பட்டது.

அம்மா வேஸ்ட் துணியைச் சுற்றி, "அழுத்திப் புடி கண்ணு" என்றாள்.

"பயப்படாதம்மா. ரத்தக்குழாய் தானாச் சுருங்கும். தட்டணுக்கள் வந்து ஓட்டைய அடைக்கும். அதுக்கு மேல ஃபைப்ரின்னு ஒரு இழை வலை பின்னும். நம்ம நிட்டிங் மிஷின் மாதிரியே!"

பக்கத்து மேசை அக்காக்கள் கூடிவிட்டார்கள். கூட்டத்தைப் பார்த்ததும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. "பாருங்க, இப்ப நின்னிருக்கும்" என்று துணியை உரித்தேன். பாதி பின்னிய வலை துணியோடு வந்துவிட்டது. மறுபடி ரத்தம். மறுபடி சுற்றல், மறுபடி விளக்கம், மறுபடி உரிப்பு.

"அது பாட்டுக்கு வேலை செய்யட்டும், உடு சாமி! அதையுமா செக்கிங் பண்ணுவ?" என்று கத்தினாள் அம்மா.

"இன்னும் ஒருக்கா" என்று கையைத் தூக்கிக் காட்டினேன். சொட்டு நேராக வெள்ளை பீஸின் நெஞ்சில் விழுந்தது. பதறிப்போய்த் துடைத்ததில் பக்கத்திலிருந்த பீஸ்களுக்கும் பூசிவிட்டேன்.

மேனேஜர் வந்து பார்த்தார். கோபப்படவில்லை. அதுதான் கொடுமை.

"ஏனுங்க மேடம், ஆர்டர் குடுக்கற பையர் பிளெயின்தானுங்களே கேட்டாரு?"

அம்மா மதியச் சோற்றைத் தொடாமல் டெய்லர்களோடு உட்கார்ந்து புது பீஸ்களைத் தயார் செய்தாள். கூரியர் போனது. பிறகு ஆர்டரும் கிடைத்தது. அன்று கூரியர் போகும்வரை விரலைப் பிடித்தபடி நான் வாயைத் திறக்காமல் மூலையில் உட்கார்ந்திருந்தேன். ரத்தம் நின்றிருந்தது.

இன்று நான் அங்கே சீனியர். ஆனாலும் வெள்ளை லாட் என் மேசையைச் சுற்றிக்கொண்டுதான் போகிறது. தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனால், கடைக்காரர் வாய் திறப்பதற்குள் அப்பா சொல்லிவிடுகிறார்:

"மெரூன்லயே காட்டுங்க. படிச்ச புள்ளைங்க."