பின்சக்கரத்துக்கு எவ்வளவு எடை?

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான் நலம், உன் அத்தானும் நலம். சைக்கிளின் பின்சக்கரம்தான் கொஞ்ச நாளாக நலமில்லாமல் இருந்தது. நீயும் உன் மனைவியும் உன் சைக்கிள் கடையும் காற்றுக் குறையாமல் இருக்க வேண்டுகிறேன். அன்று போனைப் பேச்சின் நடுவிலேயே ஏன் வைத்தோம் என்று நீ கேட்டாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நீ அனுப்பிய காற்றளவு பார்க்கும் கருவியை உன் அத்தான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "என் கட்டைவிரலுக்குத் தெரியாததா இதுக்குத் தெரியப்போகுது" என்று அலமாரி மேல் போட்டுவிட்டார். தினமும் காலையில் என்னைக் கேரியரில் ஏற்றிப்போய்த் தையல் கூடத்தில் இறக்கிவிட்ட பிறகுதான் அவர் அச்சகத்துக்குப் போவார். நாங்கள் சண்டையில்லாமல் பேசிக்கொள்வது அந்தக் கொஞ்ச நேரம்தான், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாதல்லவா. அதற்கும் வந்தது வினை. கட்டைவிரலால் அமுக்கி அமுக்கிப் பார்த்து, டயர் கல்லாகும்வரை காற்றடித்து, அச்சக வாசலில் உச்சி வெயிலில் நிறுத்தியிருக்கிறார். அது வெடித்த சத்தத்தில் உள்ளே மை ஊற்றிக்கொண்டிருந்தவர் முதலாளியின் வெள்ளைச் சட்டையில் ஊற்றிவிட்டார். சூடு கண்ட பூனையாக மறுநாள் புது டியூபில் பாதிக் காற்றோடு கிளம்பினோம். முதல் பள்ளத்திலேயே டயர் நசுங்கி, டியூப் ரிம்மில் மாட்டி, பாம்பு கடித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை.

அப்போதுதான் உனக்குப் போன் போட்டோம். "டயர் ஓரத்துல போட்டிருக்கிற அளவைத் தாண்டாதீங்க. அதுக்குள்ள, உட்காருற எடைக்கு ஏத்த மாதிரி அடிக்கணும். ரெண்டு பேர் எடையும் சொல்லுங்க" என்றாய். நான் சொன்னேன். "அது கல்யாணத்தப்போ" என்றார் உன் அத்தான். அவரும் தன் எடையென்று ஒன்று சொன்னார். வருஷாவருஷம் அவர் பேண்ட் இடுப்பைப் பிரித்துத் தைப்பவள் நான். "அந்த எடைக்குத் தைச்ச பேண்ட் இப்ப உங்க முழங்காலைத் தாண்டாது" என்றேன். போனை வைத்தது அப்போதுதான்.

அதன்பின் டியூபுக்கு ஒட்டுப்போட்டு அவர் தனியாகச் சைக்கிளில் போனார், நான் நடந்து போனேன். வீட்டில் தட்டு வைக்கிற சத்தம் மட்டும்தான். ஒரு சாயங்காலம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தையல் கூடத்து வாசலில் வந்து நின்றார்.

"வா. அச்சகத்துல காகிதக் கட்டு நிறுக்கிற தராசு இருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்தே ஏறலாம். யாருக்கு எவ்வளவுன்னு தெரிய வேணாம்."

இருபது வருஷத்தில் இப்படி ஒரு நல்ல வார்த்தை அவர் வாயில் வந்ததில்லை, தம்பி. கையைப் பிடித்துக்கொண்டு ஏறினோம். அச்சகமே மரியாதையாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. டியூப் எங்கும் டயருக்கடியில் மாட்டாமல் பார்த்து, உன் கருவியை வைத்து, அந்த மொத்த எடைக்குக் காற்றடித்தோம். ஒரு வாரமாகக் கப்பல் மாதிரிப் போகிறது. ஆகவே எனக்கென்று நீ அனுப்புவதாகச் சொன்ன தனிச் சைக்கிள் வேண்டவே வேண்டாம்.

உன் கடையில் வியாபாரம் பெருகட்டும், வீட்டில் சத்தம் குறையட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். இதைத் தபாலில் போட இருவருமாகக் கிளம்பினோம். காற்று கச்சிதம், டயருக்கு ஒரு கீறல் இல்லை. கேரியர்தான் கழன்றுவிட்டது. நான் நடுத்தெருவில் உட்கார்ந்திருக்க, உன் அத்தான் தெருக்கோடிவரை என்னோடு பேசிக்கொண்டே போயிருக்கிறார். சைக்கிளை அனுப்பிவை.