தியோஃபிலோ வீட்டுப் பள்ளியின் அரையாண்டு ஆய்வு

உலகில் இதுவரை தோன்றிய கல்வி நிலையங்களிலேயே மிக உயர்ந்தது இமுஸ் நகரில், எங்கள் சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே இயங்கிவந்தது. மாணவர் எண்ணிக்கை ஒன்று. தலைமையாசிரியர், தியோஃபிலோ ஆகிய நான்.

பள்ளி தோன்றிய வரலாறு சுருக்கமானது. ஜூன் மாதம் எங்கள் ஊர்ச் சிற்றுந்தான ஜீப்னியின் கட்டணம் ஏறியது. அரிசி ஏறியது. என் சம்பளம் மட்டும் அடக்கம் கருதி இருந்த இடத்திலேயே இருந்தது. நகராட்சி அலுவலகத்தில் பதினாறு ஆண்டுகளாக எழுத்தராக இருப்பவன் செய்யக்கூடியதை நானும் செய்தேன். கூட்டம் கூட்டினேன். சாப்பாட்டு மேசையில் நான், மனைவி ரோவெனா, மூன்றாம் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த எட்டு வயது மகள் மிராசோல்.

"இனிமே பாப்பா ஸ்கூலுக்குப் போக வேணாம். வீட்டுலயே படிக்கட்டும். பெரிய பெரிய பணக்காரங்க எல்லாம் இப்படித்தான் படிக்க வைக்கிறாங்க."

"அவங்க வீட்டுல புத்தகம் இருக்கும்," என்றாள் ரோவெனா.

"நம்ம வீட்டுல பாக்கெட் இருக்கே!"

இருந்தது. எங்கள் தெருவில் ஷாம்பு, காப்பித்தூள், வினிகர் எதுவானாலும் பெட்டிக்கடையில் ஒரு வேளைக்கான சின்னப் பாக்கெட்டாகத்தான் வாங்குவோம். காலிப் பாக்கெட்டுகளை அச்செழுத்து அழியாமல் கழுவி, காயவைத்து, கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டேன். 'மத்திய நூலகம்' உருவாயிற்று.

நிர்வாகம் கண்டிப்பாக நடந்தது. வெங்காயம் விலை ஏறிய வாரம் தாவரவியல் 'காலவரையறையின்றி ஒத்திவைக்கப்பட்டது'. மின்கட்டணம் வந்த அன்று கணினிப் பாடம் 'கற்பனைவழிக் கல்வி' ஆனது. அட்டையில் வரைந்த எழுத்துகளை மிராசோல் தட்டுவாள். என்ன வந்திருக்கும் என்பதை நான் சொல்வேன். எரிவாயு விலை ஏறியபோது உடற்பயிற்சி மட்டும் விரிவுபடுத்தப்பட்டது. விறகு தானாக வராது.

நான் கை வைக்காத துறை ஒன்றே ஒன்று: அறிவியல் ஆய்வகம். ஆய்வகம் என்றால் ஜெனரல், என் சண்டைச் சேவல். தினம் ஓர் அவித்த முட்டை, உடைத்த சோளம், வைட்டமின் மாத்திரை. அவனைக் குளிப்பாட்டுவதும், காலைப் பிடித்துவிடுவதும், எடை பார்ப்பதும் மாணவியின் பாடங்கள்.

"அந்த முட்டையப் பிள்ளைக்குக் குடுத்தா என்னங்க?"

"ஒரு துறை நிதியை இன்னொரு துறைக்கு மாத்த விதியில இடம் இல்ல."

"கோழி சூப்புக்குப் போடுற இஞ்சி விலை மட்டும் இன்னும் ஏறல. அதையும் எழுதி வச்சுக்கோங்க."

இக்கருத்து கூட்டக் குறிப்பில் சேர்க்கப்படவில்லை.

நவம்பரில் ஆய்வு வந்தது. வீட்டுப் பள்ளிகளைப் பதிவுசெய்யும் சங்கம் கல்வியாண்டின் நடுவில் ஓர் ஆய்வாளரை அனுப்பும். அவர் ஒப்புதல் தராவிட்டால் பள்ளி கலைக்கப்படும். பிள்ளை பழைய வகுப்புக்கே திரும்ப வேண்டும். ஜீப்னி, தின்பண்டக் காசு, வாரம் ஒரு முறை வாங்கித்தர வேண்டிய 'செய்முறைப் பொருள்'. நினைத்தாலே எனக்கு வியர்த்தது. மிராசோலின் கல்விச் செயல்பாடுகளை நாற்பது புகைப்படங்களாக எடுத்து ஆல்பம் தயாரித்தேன்.

ஆய்வாளர் திருமதி பக்லினவான் வெள்ளிக்கிழமை காலையில் வந்தார். நல்ல நாற்காலியில் ஜெனரல் இருந்ததால் முக்காலியில் உட்கார்ந்து ஆல்பத்தைப் புரட்டினார்.

"என்ன சார், எல்லாப் படத்துலயும் சேவல் இருக்கு?"

"செயல்முறைக் கல்வி, மேடம்."

"இதுல பொண்ணு எங்க?"

"வாலுக்குப் பின்னாடி, மேடம். விரல் தெரியுது பாருங்க."

அவர் ஒரு கதைப் புத்தகத்தை நீட்டினார். மிராசோல் ஒரு பக்கத்தைத் தடங்கலின்றி வாசித்துவிட்டு, புத்தகத்தைத் திருப்பிப் பின்னட்டையில் எதையோ தேடினாள்.

"என்னம்மா தேடுற?"

"கடைசித் தேதி, டீச்சர். கெட்டுப்போயிருந்தா மேல படிக்கக் கூடாதுல்ல?"

"நுகர்வோர் விழிப்புணர்வு," என்று விளக்கினேன். திருமதி பக்லினவான் என்னைப் பார்க்கவில்லை.

"சரி, ஒரு கணக்கு. ஒரு முட்டை. ரெண்டு பேரு. ஆளுக்கு எவ்வளவு?"

"யாரு ரெண்டு பேரு?"

"நீயும் இந்தச் சேவலும்னு வச்சுக்கோயேன்."

"அவருக்கு முட்டை. எனக்கு ஓடு." மிராசோல் ஒரு கணம் யோசித்தாள். "ஓட்டுல கொஞ்சம் ஒட்டிக்கிட்டிருக்கும், டீச்சர். மெதுவா உரிச்சா நிறைய ஒட்டும்."

கழித்தலில் அவளுக்கு இணையில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ரோவெனா பார்த்த பார்வையில் வாய் தானாக மூடிக்கொண்டது.

"கடைசியா ஒண்ணு," என்றார் ஆய்வாளர். "பெரியவளானா என்ன ஆகப்போற?"

"சேவல்."

ஆய்வாளர் ஆல்பத்தை மூடிவைத்தார். தெருவில் ரொட்டிக்காரன் மணியடித்துக்கொண்டு வந்தான். வந்து, நின்று, போயும்விட்டான்.

"ஏம்மா சேவல்?"

"அவருக்கு மூக்கு ஒழுகினாலே அப்பா ஆபீசுக்கு லீவு போடுவாரு, டீச்சர். நான் ரெண்டு நாள் காய்ச்சல்ல படுத்திருந்தப்ப, மருத்துவப் பாடம்னு போட்டோ எடுத்தாரு."

முப்பத்தொன்றாம் படம். அருமையாக வந்திருந்தது. எடுத்துக் காட்டினேன். அவர் வாங்கவில்லை.

அறிக்கையை அங்கேயே எழுதி ரோவெனாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். தலைமையாசிரியர் நானிருக்க இது நடைமுறை மீறல். ரோவெனா உரக்க வாசித்தாள்:

"'இப்பள்ளியில் சத்துணவு, மருத்துவக் கவனிப்பு, தனிப்பட்ட அக்கறை அனைத்தும் மிகச் சிறந்த முறையில் வழங்கப்படுகின்றன. அவற்றைப் பெற்றுவரும் சேவல் அடுத்த வகுப்புக்குத் தகுதி பெறுகிறது. மிராசோல் என்ற சிறுமியை இவ்வீட்டில் யாரும் இதுவரை சேர்த்துக்கொண்டதாகத் தெரியவில்லை. திங்கட்கிழமை முதல் அவளைப் பள்ளிக்கு அனுப்பவும்.'"

மேல்முறையீடு செய்யலாம் என்று உடனே கூட்டத்தில் முன்மொழிந்தேன். வழிமொழிய ஆளில்லை. ரோவெனா அடுக்களைக்குப் போய்விட்டாள். உறுப்பினர் மிராசோல் அவைக்கே வரவில்லை. தேடிப் போனேன். பழைய சீருடையை மாட்டிக்கொண்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசற்கதவருகே நின்றிருந்தாள்.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமைடீ பாப்பா. திங்கக்கிழமைதான் போகணும்."

"தெரியும்பா," என்றாள். "அதுவரைக்கும் இங்கயே நிக்கிறேன்."