நான் தொலைக்காத மாடு

எல்லாம் தெரிந்தவன் என்று நினைத்துக்கொண்டு திரிகிற வயது ஒன்று எல்லோருக்கும் வரும். எனக்கு அது கொஞ்சம் நீண்டுவிட்டது. புளியங்குளத்தில் அறை எடுத்துத் தங்கி, விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். நான் சொன்னதையெல்லாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். ஊரும் எழுதிக்கொள்ளும் என்று நம்பிவிட்டேன்.

அந்த நம்பிக்கையோடுதான் உள்ளே தள்ளியிருந்த ஒரு கிராமத்துக்குப் பொம்பிளை பார்க்கப் போனேன். பெயர் சுகந்தி. பார்த்தவுடனேயே பிடித்துவிட்டது. ஆனால் நேரே பார்க்கக் கூச்சப்பட்டு, முற்றத்தில் கட்டியிருந்த பசுவைத்தான் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியே வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். அவளுடைய தகப்பன் நல்லதம்பியர், நாள் வைக்கமுதல் மை பார்க்கிற சாத்திரியாரிடம் ஒருக்கால் கேட்போம் என்றார். காணாமற்போன மாடுகளை அவர் இருந்த இடத்திலிருந்தே கண்டுபிடிப்பாராம். அது முழு ஏமாற்று, ஒரு கிழமைக்குள் நிரூபித்துக் காட்டுகிறேன் என்று பலகாரத்தட்டும் கையுமாகச் சபதம் செய்தேன். (பக்கத்திலிருந்த அம்மா என் காலை மிதித்தா. காலை இழுத்துக்கொண்டு தொடர்ந்து பேசினேன்.)

சாத்திரியாரின் வீடு சந்திக்குக் கிட்ட. என்னிடம் மாடே இல்லை. ஆகவே, மாட்டைக் காணவில்லை என்று சொல்லிக்கொண்டு போனேன். விறாந்தையில் அவருடைய மனைவி பிளேன்ரீ தந்து, ஆறுதலாக விசாரித்தா. என்ன நிறம், எந்தப் பக்கம் மேய்ந்தது, என்ன குறி சுட்டிருக்கிறது? நான் வாழ்க்கையில் வடிவாகப் பார்த்திருந்தது ஒரேயொரு மாட்டைத்தான். சிவப்புப் பசு, நெற்றியில் வெள்ளை, தொடையில் 'ந.த.' என்று வாயில் வந்ததைச் சொன்னேன்.

பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். சாத்திரியார் வெற்றிலையில் தடவிய மையை உற்றுப் பார்த்து, சிவப்புப் பசு, நெற்றியில் வெள்ளை என்று மெதுவாகச் சொன்னார். (விறாந்தைக்கும் அறைக்கும் நடுவில் இருந்தது ஓலைத்தட்டி. காது கேட்கிற எவருக்கும் அந்தச் சக்தி வரும்.) அடுத்து வெறுந்தாள் ஒன்றை விளக்குச் சூட்டில் பிடித்தார். 'கிழக்கு' என்று மண்ணிறத்தில் எழுத்துத் தெரிந்தது. தேசிக்காய்ப் புளியால், அதாவது எலுமிச்சைச் சாற்றால், எழுதிக் காயவிட்ட தாள் அது. வகுப்பில் நானே செய்து காட்டுகிற வேலை. சிரிப்பை அடக்கிக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. பால் சேர்க்கிறவர்கள், பட்டி மேய்க்கிறவர்கள், விறகுக்குப் போகிறவர்கள் எல்லோரும் சாத்திரியாரின் ஆட்கள். அவர் மாடு கண்டுபிடித்ததெல்லாம் இவர்களுடைய கண்ணால்தான். அது வயல் வெட்டி முடிந்து மாடுகளை அவிழ்த்துவிட்ட காலம் வேறு. மூன்றாம் நாள் காலை என் அறை வாசலில் ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வந்து நின்றது. பின்பெட்டியில் நல்லதம்பியரின் முற்றத்தில் பார்த்த அதே சிவப்புப் பசு. வந்தவர்கள் வேறு ஊர்க்காரர், குறி யாருடையது என்று தெரியாது.

"சேர், சாத்திரியார் சொன்ன மாதிரியே கிழக்கு வயல்வெட்டைக்குள்ள நிண்டது" என்று ஒருவர் கயிற்றை என் கையில் தந்தார்.

கயிறு கையில் இருக்கும்போதே நல்லதம்பியரின் மோட்டார் சைக்கிளும் வந்தது. விடியத் தொடங்கி மாட்டைத் தேடியவருக்கு யாரோ போன் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். பின்னால் சுகந்தி இருந்தாள். மாட்டுக்கள்ளனாக நிற்பதா, பொய்யனாக நிற்பதா? எப்படி நின்றாலும் கலியாணம் போய்விடும் என்று தெரிந்தது. உண்மையிலேயே அழுகை வந்தது. பொய்யை ஒப்புக்கொண்டு, தட்டியையும் தேசிக்காயையும் விளங்கப்படுத்தினேன்.

நல்லதம்பியர் பொறுமையாகக் கேட்டார்.

"ஓம் தம்பி, அவர் செய்தது வித்தைதான். ஆனா அண்டைக்கு அந்த வீட்டில முழுப் பொய் சொன்னது ஆர்?"

பசு என் சேட்டுக் கையை நக்கியது. சுகந்திதான் வாயைத் திறந்தாள்.

"அப்பா, இவரையே எனக்குப் பேசி முடியுங்கோ. இவர் பொய் சொன்னா மூண்டாம் நாள் மாடு வந்து படலையில நிக்கும். எனக்குப் பயமில்லை."

இப்போது எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். வீட்டுக்குப் பிந்தி வந்து, பள்ளிக்கூடத்தில் கூட்டம் இழுபட்டுவிட்டது என்று நான் சொன்னால், சுகந்தி ஒன்றும் கேட்கமாட்டாள். பிள்ளைகள் இரண்டும் எழும்பிப்போய் படலையைத் திறந்து, றோட்டில் மாடு ஏதும் வருகிறதா என்று எட்டிப் பார்ப்பார்கள்.