ரெட்டை வாட்ச்சின் கனடா விசா

மனைவிக்குப் பயந்த கணவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் பதின்மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் தூங்கிக்கொண்டிருக்கும் மனைவி விழித்துக்கொள்ளப் போகிறாளே என்று பட்டப்பகலில் குரலைத் தாழ்த்திப் பேசிய மனிதர், உலகத்திலேயே ஒருவர்தான். ஸ்ரீபெரும்புதூரில் நான் வேலை பார்த்த ஃபாக்டரியின் டைம் கீப்பர்.

அவர் பெயர் எங்கள் யாருக்கும் தேவைப்படவில்லை. இடது கையில் இந்திய நேரத்துக்கு ஒரு வாட்ச், வலது கையில் கனடா நேரத்துக்கு ஒரு வாட்ச். ஆகவே ரெட்டை வாட்ச். தொழிலாளிகள் வருகிற நேரம், போகிற நேரம் எல்லாம் அவர் கையில். நான் டிஸ்பாட்ச் குமாஸ்தா. இரண்டு பேரும் சன்னதித் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் ஒரே அறையில் இருந்தோம். அவர் பல் தேய்ப்பதை வைத்து லாட்ஜ் மேனேஜர் சுவர்க் கடிகாரத்தைச் சரிசெய்வார்.

காலை பத்தரை ஆனால், தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்புக்கு வந்து நிற்பார்.

"கொஞ்சம் மெதுவா அடிங்கப்பா. அவங்க இப்பத்தான் படுத்திருப்பாங்க."

பிரஸ் ஓட்டும் கபாலி தலையில் அடித்துக்கொள்வான். "எரநூறு டன் பிரஸ்ஸை எப்பிடிண்ணா மெதுவா அடிக்கிறது? நடுவுல தாலாட்டு ஒண்ணு பாடட்டா?"

அந்த 'அவங்க', ஸ்டெல்லா. வல்லக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமத்துப் பெண். குவைத்தில் நர்ஸாக இருந்து, அங்கிருந்து கனடாவுக்குப் போனவர். இருபத்தைந்து நாள் லீவில் ஊருக்கு வந்து இவரைக் கல்யாணம் செய்துகொண்டு திரும்பிப் போனார். போனதும் கணவனைத் தன்னிடம் அழைத்துக்கொள்ள விண்ணப்பம் போட்டார். டீக்கடையில் இது பெரிய வேடிக்கையாகிவிட்டது.

"ஆம்பளைதான் பொண்டாட்டிய இட்டுகினு போவான். நீ இன்னாபா, பொண்டாட்டி இட்டுகினு போற ஆளா கீறே?" என்றார் ஒரு ஃபிட்டர்.

ரெட்டை வாட்ச்சுக்குக் கோபமே வரவில்லை. "எனக்கு முழுப் பொறுப்பு ஏத்துக்கறேன்னு ஒருத்தங்க கவர்மெண்டுக்கு எழுதிக் குடுத்திருக்காங்க. உன் லீவு லெட்டர்ல சூப்பர்வைசர்கூடக் கையெழுத்துப் போட மாட்டேங்கறாரே!" என்றார். ஃபிட்டர் டீயை மிச்சம் வைத்துவிட்டு எழுந்து போனார்.

ஸ்டெல்லாவின் கடிதம் வந்தால் அறையில் திருவிழா. ஒரே ஒரு கடிதம் மட்டும் அவரைப் படுக்கையில் தள்ளிவிட்டது. கோடைக்காலத்தில் அந்த நாட்டில் எல்லோருமே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்களாம். அரசாங்கமே சொல்லுமாம். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

"ஒரு கவர்மெண்டே டைம் கார்டுல கை வைக்குதே சார். அந்த ஊர்ல நான் எப்படிக் குப்பை கொட்டப் போறேன்?"

அவர் எழுதும் பதில்களையும் நான் பார்த்திருக்கிறேன். 'காலை 5.10 எழுந்தேன். 5.40 குளித்தேன். 7.25 ஃபாக்டரி பஸ்.' கடைசியில் 'இரவு 9.30 உன் நினைவு. 9.45 தூக்கம்.' அவ்வளவுதான்.

"அண்ணா, கொஞ்சம் அன்பா எழுதக் கூடாதா?"

"பதினஞ்சு நிமிஷம் எழுதியிருக்கேனே சார்!"

1991ஆம் வருஷம் மே மாதம் எங்கள் ஊரில் நடந்தது உலகத்துக்கே தெரியும். நான் அதைச் சொல்லப் போவதில்லை. அதற்குப் பிறகு பல மாதங்கள் ஊர் தலை குனிந்தே நடந்தது என்பது மட்டும் போதும். லாட்ஜ்களில் தங்கியிருந்த எல்லோரையும் விசாரித்தார்கள். இரண்டு கையிலும் வாட்ச் கட்டிக்கொண்டு, வெளிநாட்டுக் கடிதங்களைப் பெட்டி நிறைய வைத்திருப்பவரை விடுவார்களா? வெளியூரிலிருந்து வந்த ஓர் அதிகாரி, "அன்னைக்கு எங்கே இருந்தே?" என்று கேட்டார். ரெட்டை வாட்ச் காலை 5.10இலிருந்து ஆரம்பித்தார். மதியச் சாப்பாட்டுக்கு வருவதற்குள் அதிகாரி கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார்.

விசாவுக்குப் போலீஸ் நற்சான்று வேண்டும். எங்கள் ஊர் விலாசத்தைப் பார்த்ததும் அந்தத் தாள் ஒவ்வொரு மேஜையிலும் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தது. அது கைக்கு வந்து, அவர் இண்டர்வியூவுக்கு டில்லி போகும்போது செப்டம்பர் ஆகிவிட்டது. கல்யாணம் உண்மைதானா என்று சோதிப்பார்களாம். இவரிடம் இருந்ததோ ஒரே ஒரு கல்யாணப் படம். மற்றவை ஃபிலிமில் வெளிச்சம் புகுந்து வீணாய்ப் போயின. இருந்த அந்த ஒன்றிலும் மணப்பெண் கேமராவைப் பார்க்கிறார், மாப்பிள்ளை வாட்ச்சைப் பார்க்கிறார்.

"ஏன் வாட்ச்சைப் பாக்குறேன்னு கேட்டாங்க சார். ஃபாதர் பன்னெண்டு நிமிஷம் லேட்டுன்னேன். இவங்கள ஏன் கட்டினேன்னு கேட்டாங்க. பொண்ணு பாக்க அஞ்சு மணிக்கு வரச் சொன்னாங்க, அஞ்சு மணிக்குக் காபியோட வந்து நின்னாங்க, மத்த எந்த வூட்லயும் அப்படி நடக்கலைன்னேன். கேள்வி கேட்ட ஆபீசரம்மா சிரிச்சிட்டாங்க."

அக்டோபரில் விசா வந்தது. ஜனவரி முப்பத்தொன்றுக்குள் கனடாவில் போய் இறங்க வேண்டும், தவறினால் எல்லாமே முதலிலிருந்து. கபாலி ஒரு குரங்குக் குல்லாய் வாங்கிப் பரிசளித்தான். டிசம்பரில் பயணம் என்று முடிவாயிற்று.

நவம்பர் மாதம் ஒரு திங்கட்கிழமை, ஃபாக்டரி கேட்டில் எல்லோரும் வேலைக்குப் போகாமல் கூடி நின்றார்கள். மணி எட்டு ஆகி ஏழு நிமிஷம். ரெட்டை வாட்ச் அப்போதுதான் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். இறங்கினார். தன் கார்டை எடுத்துச் சிவப்பு மையில் 'லேட்' என்று தானே எழுதினார். அந்த மையை அவர் கபாலிக்கு எத்தனையோ முறை உபயோகித்திருக்கிறார். கபாலிகூட அன்று சிரிக்கவில்லை.

ஸ்டெல்லாவின் அம்மாவுக்குப் பக்கவாதம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து இவர் பார்க்கப் போனபோது அடுப்பங்கரையில் விழுந்து கிடந்தாராம். வலப்பக்கம் முழுதும் போய்விட்டது, பேச்சும் குழறிவிட்டது. கவனிக்க வேறு ஆள் கிடையாது. ஸ்டெல்லா ஒரே பெண்.

மறுநாளே லாட்ஜைக் காலி செய்துகொண்டு மாமியார் வீட்டுக்குப் போய்விட்டார். பகலில் பக்கத்து வீட்டு அம்மாள் ஒருவர் எட்டிப் பார்த்துக்கொள்வார். மற்ற வேளைகளில் குளிப்பாட்டுவது, சேலை மாற்றுவது, கஞ்சி ஊட்டுவது எல்லாம் இவர்தான். ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் போயிருந்தேன். அந்த அம்மா வாயை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு ஏதோ கேட்டார். எனக்குப் புரியவில்லை. இவர் வலது கை வாட்ச்சைப் பார்த்துவிட்டு, "இப்ப அங்க விடிகாலை அத்தை. எழுந்து டூட்டிக்குக் கெளம்பிக்கினு இருப்பாங்க" என்றார். மகள் வந்துவிட்டாளா என்பது கேள்வி. ஒரு மணி நேரத்தில் நான்கு முறை கேட்டார். நான்கு முறையும் வாட்ச்சைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

வெளியே வந்ததும் கேட்டேன். "ஸ்டெல்லாவுக்கு எழுதிட்டீங்களா?"

"இல்ல சார். ஜனவரில அவங்களுக்குப் பரீட்சை. ஏற்கெனவே ஒரு வாட்டி போயிடுச்சு. பாஸானாத்தான் அந்த ஊர்ல நர்ஸு. அதுவரைக்கும் வயசானவங்களைக் குளிப்பாட்டுற வேலைதான். சொன்னா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துடுவாங்க."

"அப்ப உங்க விசா?"

"அவங்க அங்க யார் யாரோட அம்மாவையோ பாத்துக்கறாங்க. அவங்க அம்மாவை நான் இங்க பாத்துக்கறேன். சரியாத்தானே இருக்குது?"

பிறகு, தயங்கித் தயங்கி ஓர் உதவி கேட்டார். அவர் கைக்குப் பொய் எழுத வரவில்லையாம். மூன்று தாளைக் கிழித்துப் போட்டாராம். நான் எழுதித் தர வேண்டும், கையில் அடிபட்டிருப்பதாகச் சொல்லிக்கொள்ளலாம்.

நான் எழுதினேன். அந்த வயதில் எனக்கு அது ஒரு நல்ல காரியமாகத்தான் தெரிந்தது. 'அத்தை நலம். ஃபாக்டரியில் என்னை விடுவிக்க மறுக்கிறார்கள். அடுத்த மாதம் பார்க்கலாம்.' அழகாக எழுதினேன். இரண்டு இடத்தில் அன்புகூடச் சேர்த்தேன். மொத்தம் ஐந்து கடிதங்கள். ஸ்டெல்லாவின் பதில்கள் ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சிறியதாக வந்தன. கடைசியாக வந்ததில் ஒரே வரி. 'வர விருப்பம் இல்லை என்றால் நேராகச் சொல்லிவிடுங்கள்.'

ஜனவரி முப்பத்தொன்று. ஷிப்ட் முடிந்து நாலே முக்காலுக்கு அவரும் நானும் கேட்டருகே நின்றோம்.

"அங்க இன்னும் விடியலை சார். இன்னைக்கு ஒரு பகல் பாக்கி இருக்குது" என்றார். சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். தன் வாழ்நாளில் ஒரு பஸ்ஸையும் தவறவிடாத மனிதர், ஒரு நாட்டையே தவறவிட்டார்.

மார்ச்சில் அந்த அம்மா இறந்துபோனார். தந்தி போயிற்று. ஸ்டெல்லா வந்து சேர்ந்தது நான்காவது நாள். வெயிலில் அதுவரை வைத்திருக்க முடியாமல் அடக்கம் முடிந்திருந்தது.

நானும் கபாலியும் துக்கம் கேட்கப் போனோம். ஸ்டெல்லா கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். அம்மாவின் துணிகளை எடுத்து வைக்கும்போது பெட்டியில் கணவரின் பாஸ்போர்ட் கிடைத்திருக்கிறது. விசா பக்கத்தைத் திறந்து மடியில் வைத்திருந்தார். அக்கம்பக்கத்தார் எல்லாக் கதையையும் சொல்லிவிட்டிருந்தார்கள்.

"கடுதாசி எழுதினது யாரு?" என்றார்.

நான்தான் என்றேன்.

"நல்லா எழுதியிருந்தீங்க. அவரு எழுதினது இல்லைன்னு மட்டும் தெரிஞ்சுது. வர இஷ்டம் இல்லாம யாரையோ வச்சி எழுதிப் போடறாருன்னு நினைச்சேன்." பிறகு கணவர் பக்கம் திரும்பினார். "அம்மா நாலு மாசம் படுத்துக் கெடந்தாங்க. அந்த நாலு மாசமும் நான் உங்களைத் திட்டிக்கினு இருந்தேன். அவங்களை நினைக்கவே இல்லை. நல்லாத்தானே இருக்காங்கன்னு விட்டுட்டேன்."

"பரீட்சை இருந்துச்சே..." என்றார் ரெட்டை வாட்ச்.

"பாஸாயிட்டேன்." பாஸ்போர்ட்டை மூடினார். "அதை இப்ப யார்கிட்ட போய்ச் சொல்றது? எங்கம்மாவைப் பாக்கணுமா வேணாமான்னு நான்தானே முடிவு பண்ணணும்? நீங்க யாரு?"

கபாலி என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டான். "மனுசன் தப்பு பண்ணலை. ஆனா அந்தம்மா சொல்றதும் கரீட்டாத்தான் கீது. இதுக்கு யார் இன்னா பண்றது?" என்றான். ஒரகடம் கூட்டுரோடு வரும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தான்.

ஒன்பது நாள் இருந்துவிட்டு ஸ்டெல்லா திரும்பிப் போனார். மறுபடி விண்ணப்பம் போடுவதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரெட்டை வாட்ச் அந்த வீட்டிலேயே தங்கிவிட்டார். ஒரு நிமிஷம் பிசகாமல் வேலைக்கு வந்தார். ஆனால் பத்தரை மணிக்குப் பிரஸ் ஷாப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். ஒருநாள் கபாலியே தாங்க மாட்டாமல் டைம் ஆபீஸ் ஜன்னலுக்குப் போய், "இன்னாண்ணா, அண்ணி தூங்கறாங்களா? மெதுவா அடிக்கட்டா?" என்று கேட்டான்.

"இப்ப எந்த டூட்டின்னு தெரியலப்பா. நீ எப்பவும்போல அடி" என்றார்.

ஒரு வருஷமும் சில மாதங்களும் போயின. ஒரு மத்தியானம் டிபன் நேரத்தில் என் மேஜைக்கு வந்தார். கையில் பெரிய கவர். மறுபடியும் ஸ்பான்சர் படிவங்கள், ஸ்டெல்லாவின் கையெழுத்தோடு. கவரைக் கவிழ்த்து உதறிப் பார்த்தேன். கடிதம் எதுவும் இல்லை.

"ஒண்ணும் எழுதலையே அண்ணா."

"எழுதியிருக்காங்களே சார்." விரலால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். விண்ணப்பிக்கிறவருக்கும் அழைக்கப்படுகிறவருக்கும் என்ன உறவு என்று அச்சடித்திருந்தது. எதிரே, 'கணவர்' என்று ஸ்டெல்லா தன் கையால் எழுதியிருந்தார். அந்த ஒரு வார்த்தையை ரெட்டை வாட்ச் டிபன் முடிகிற வரை படித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த முறை எல்லாத் தாள்களும் ஒழுங்காக நகர்ந்தன. 1994 பிப்ரவரியில் கிளம்பினார். மீனம்பாக்கத்துக்கு நான் மட்டும் கூடப் போனேன். பம்பாய் போய் அங்கிருந்து விமானம் மாற வேண்டும். விமானத்துக்கு ஐந்து மணி நேரம் முன்னாலேயே போய்விட்டோம் என்பதை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

"அங்க ஏர்போர்ட்டுக்கு வருவாங்களா?" என்று கேட்டேன்.

"வர்றேன்னு எழுதலை. வரலைன்னும் எழுதலை." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "வரலைன்னா விலாசம் இருக்குது சார். தேடிக்கினு போயிடுவேன். வந்து... மொதல்ல மன்னிப்புக் கேக்கணுமா, பரீட்சை பாஸானதுக்கு வாழ்த்து சொல்லணுமா?"

வாழ்த்து முதலில் என்றேன். தலையாட்டினார்.

அந்த வருஷக் கடைசியில் எனக்கு ஒரு கிறிஸ்துமஸ் அட்டை வந்தது. அதில் இரண்டு பேர் கையெழுத்தும் இருந்தது. ஆனால் அன்று எனக்கு அதெல்லாம் தெரியாது. தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போன அவர் முதுகுதான் தெரிந்தது. நான் வெளியே வந்து ஜி.எஸ்.டி. ரோட்டோரம் ஒரு மரத்தடியில் நின்றேன். அவர் ஏறியது எந்த விமானம் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால், அன்று சாயங்காலம்வரை புறப்பட்ட எல்லா விமானத்துக்கும் கைகாட்டிவிட்டு, படப்பை வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினேன்.