என்னை வெட்டிய சம்பந்திக்கு

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாவும் பூரண நலத்தோடும், தங்கள் முழங்கால் வலி கொஞ்சமும் நலமில்லாமலும் இருக்க வேண்டுகிறேன். இங்கே நானும் என் மனைவியும் ஸ்டுடியோவும் சுகம். இனி உங்களோடு பேசுவதில்லை என்று போனில் சொன்னவன் இப்போது எந்த முகத்தோடு வந்து நிற்கிறான் என்று தாங்கள் நினைக்கலாம். பேசமாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. நான் சொன்ன சொல் தவறாதவன் என்பதைத் தாங்கள் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும்.

நம் பிள்ளைகள் கடல் தாண்டி வேலைக்குப் போய், லீவும் கிடைக்காமல், இரண்டு வீட்டாரும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றாக இருக்கட்டும் என்று அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் ஆசை ஆசையாக ஒரு வீடு கட்டினார்கள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. அவர் வராத இடத்தில் எனக்கென்ன வேலை என்று தாங்களும் போகவில்லையாம். என் மகள் நேற்று அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள், அந்த வீட்டில் ஒரு அறையைப் பூட்டியே வைத்திருக்கிறாளாம், இரண்டு அப்பாவும் சேர்ந்து வந்து நின்றால்தான் திறப்பாளாம், வருகிற ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை என்றால் வீட்டையே இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டு மறு வேலை பார்ப்பாளாம். சொன்னால் செய்வாள். என் பெண் அவள். அதனால்தான் என் மானத்தைச் சட்டைப்பையில் மடித்து வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன், தங்கள் காதுக்கு எது எப்படி வந்து சேர்ந்ததோ தெரியாது. அந்த விளையாட்டில் நம் ஒவ்வொருவருக்கும் பெட்டி பெட்டியாக ஒரு உருவம் உண்டு, அதற்கு முகம், முடி, உடுப்பு எல்லாவற்றையும் ஒரே படமாகப் போர்த்துகிறார்கள், அதைத்தான் ஸ்கின் என்பது என்று தங்கள் மகன், என் மாப்பிள்ளை, பொறுமையாக விளக்கினார். தலைக்கு மேலே பெயர் தொங்குவது வீட்டின் அழகைக் கெடுக்கிறது என்று அதை மறைத்துவிட்டாராம், இனி ஆளை உருவத்தை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டுமாம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இந்த ஊரில் அடையாள அட்டை வைத்திருக்கிற அத்தனை பேர் முகமும் என் கேமராவைத் தாண்டிப் போனதுதான். முகம் விஷயத்தில் எனக்கு யார் சொல்லித்தர வேண்டும்? இரண்டு வீட்டுக்கும் நானே செய்துதருகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன்.

முதல் மரியாதை சம்பந்திக்கு என்று தங்களுடையதைத்தான் எடுத்தேன். தீயணைப்பு நிலையத்திலிருந்து தாங்கள் ஓய்வு பெற்ற அன்று எடுத்த படம் என்னிடம் இருந்தது, காக்கிச் சீருடை, தொப்பி, அந்த மீசை. பிரித்துப்போட்ட அட்டைப்பெட்டி மாதிரி ஒரு படத்தாள் தருகிறார்கள், அதில் கட்டம் கட்டமாக நிறம் வைக்க வேண்டும், எந்தக் கட்டம் உடம்பில் எங்கே போய் ஒட்டும் என்பது அதைக் கண்டுபிடித்தவனுக்கே வெளிச்சம். முதல் தடவை தங்கள் மீசை பிடரியில் முளைத்தது. அதைச் சரிசெய்தால் தொப்பியைக் காணோம், தொப்பியும் முடியும் மேலடுக்கில் இருக்குமாம், அந்த அடுக்கு அணைந்து கிடந்ததாம். அதைப் போட்டால் கையில் கறுப்பாக ஒரு கோடு. ஒல்லிக் கை, பருமன் கை என்று இரண்டு வகை உண்டாம், நான் ஒல்லியைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். தாங்கள் பருமன் கைக்காரர் என்று எனக்குத் தெரிய வேண்டாமா, கல்யாணத்தன்று கட்டிப்பிடித்ததில் ஒரு வாரம் விலா வலித்ததே. ஒவ்வொரு தடவையும் மாப்பிள்ளைக்கு போன் போட்டேன். அவரிடம் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்துதான், வெளியே போய்விட்டு மறுபடி உள்ளே வாங்க மாமா என்பார். படம் சரியில்லை என்று வருகிற வாடிக்கையாளரிடம் நான் அப்படிச் சொல்லியிருந்தால் போனவர் போனவர்தான், திரும்பியே வந்திருக்க மாட்டார். ஆனால் கடைசியில் பாருங்கள், கடைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தபோது சாட்சாத் தாங்களே வந்து நின்றீர்கள். கண் கலங்கிவிட்டது. அதை மகளுக்கு அனுப்பினேன், அவள் தங்கள் கணக்கில் போட்டுவிட்டாள்.

என்னுடையதுக்கு வந்தபோது கை ஓய்ந்துவிட்டது. தவிர, என் கடைக் கண்ணாடிக்குள் மாதிரிக்கு என்று என் படம் ஒன்று தொங்குகிறதே, நேர்ப் பார்வை, இரண்டு காதும் தெரியும், உதட்டில் சிரிப்பு வரலாமா வேண்டாமா என்று யோசிக்கும். அதை விடவா நான் கட்டம் கட்டமாக என்னை வரைந்துவிடப் போகிறேன் என்று என் கணக்கைத் திறந்து அதையே ஏற்றினேன். அளவு பொருந்தவில்லை என்று விளையாட்டு திருப்பித் தள்ளியது. என்னிடமே அளவா என்று குறைத்துக் கொடுத்தேன். பாஸ்போர்ட்டுக்குச் செய்கிற பழக்கத்தில் பின்னணியைச் சுத்தமாக அழித்தும் கொடுத்தேன். ஏற்றுக்கொண்டது. திரையில் என் படம் ஜம்மென்று தெரிந்தது. உருவத்தின் மேல் அது எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று திருப்பிப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. உள்ளே போய்விட்டால் நம் கண் வழியாக நாம் ஊரைத்தான் பார்க்கிறோம், நம் முகம் நமக்கு எங்கே தெரிகிறது.

அன்றைக்கு என் மனைவி வீட்டிலிருந்தபடியே போன் வழியாக எனக்கு முன்னால் போய்விட்டாள். நான் கடையைப் பாதி சாத்திவிட்டு கடைக் கம்ப்யூட்டரில் கிளம்பினேன். வெறுங்கையோடு போகலாமா? ஒரு மடி நிறைய ரோஜா, நானே சுரங்கம் தோண்டி எடுத்த வைரம் எல்லாம் கட்டிக்கொண்டு போனேன். கதவைத் திறந்தால் நேர் எதிரே காக்கிச் சீருடை, தொப்பி, என் கையால் நான் வைத்த மீசை. சம்பந்தியே வாசலுக்கு வந்து வரவேற்கிறாரே என்று பூரித்துப்போய்க் குனிந்து வணக்கம் வைத்தேன். குனிஞ்ச தலையில வாளால விழுந்தது முதல் வெட்டு. சம்பந்தி நான்தான் என்று டைப் அடிக்கப் பார்த்தேன், நான் டைப் அடிக்கிற வேகம் ஊருக்கே தெரியும், ‘சம்’ வருவதற்குள் இரண்டாவது விழுந்தது. மூணாவதுல ஆள் குளோஸ். ரோஜாவும் வைரமும் தரையெல்லாம் சிதற, நான் கடைசியாகப் பார்த்தது என்ன தெரியுமா, உள்ளே இருந்த எல்லாரும் துள்ளித் துள்ளிக் குதித்ததை. என் மகளும் சேர்ந்து குதித்தாள். பெண்ணைக் கொடுத்தவனை வாசலிலேயே வெட்டிப் போட்டுவிட்டுக் கொண்டாடுகிற வீடு எங்கேயாவது உண்டா? என் மனைவியை அந்தக் கூட்டத்தில் காணவில்லை. அவள் மட்டும் வாசலில் நின்றிருந்தால் குறுக்கே விழுந்து தடுத்திருப்பாள்.

அன்று சாயங்காலமே தாங்கள் போன் செய்தீர்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனா அந்தப் பேச்சு எனக்கு இன்னும் ஆறலை. முதலில், நான் அந்த விளையாட்டு வீட்டு மாடியில் அல்லவா செடி நட்டுக்கொண்டிருந்தேன், வெட்டு குத்து எதுவும் எனக்குத் தெரியாதே என்றீர்கள். பின்னால் சம்பந்தியம்மா ஏதோ கிசுகிசுத்தது கேட்டது. உடனே தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான்தான் சம்பந்தி. தெரியாம நடந்துபோச்சு, மன்னிச்சுக்கங்க" என்றீர்கள். ஒரே மூச்சில் இரண்டு வாக்குமூலம். மாடியில இருந்தவர் கை வாசல் வரைக்கும் நீளுமா என்று கேட்டுவிட்டு, இனி பேச்சில்லை என்று போனை வைத்தேன். தீயைக் கண்டு அஞ்சாத மனுஷர் மாடியைச் சாக்காகச் சொல்லலாமா என்பதுதான் என் வருத்தம், வெட்டியதுகூட இல்லை.

பிறகு மாப்பிள்ளை என்னை அன்று பிடித்த படம் ஒன்றை அனுப்பினார். உள்ளதைச் சொல்கிறேன், பார்க்க நன்றாக இல்லை. தலை இருக்க வேண்டிய இடத்தில் சட்டைக் காலர். மூக்கு வலது தோளில். ஒரு கண் முழங்காலில், இன்னொன்று எங்கே போனது என்று இன்றுவரை தகவல் இல்லை. பின்னணியை அழித்தேனே, அது வயிற்றில் ஓட்டையாக விழுந்து, அதன் வழியாகப் பின்னால் இருந்த வேலியும் ஒரு கோழியும் தெரிந்தன. இப்படி ஒன்று கதவைத் திறந்துகொண்டு வந்து குனிந்தால் பேய் பிசாசு என்று தோன்றத்தான் செய்யும். ஆனாலும் சம்பந்தி, மூக்கு என் மூக்குதானே. தோளில் இருந்தால் என்ன, அடையாளம் தெரியாமலா போய்விடும்?

போகட்டும். பெரியவங்க நாமதான் விட்டுக்கொடுக்கணும். தங்களை மனதார மன்னித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுங்கள், நானும் வருகிறேன். இந்தத் தடவை குறுக்கு வழி எதுவும் போகாமல் கட்டம் கட்டமாக உட்கார்ந்து வரைந்திருக்கிறேன், உருவத்தில் மாட்டி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாயிற்று. நீலச் சட்டை, மூக்குக் கண்ணாடி, மூக்கு மூக்கு இருக்கிற இடத்தில். கொஞ்சம் முடி வச்சுக்கங்க, யார் கேக்கப் போறா என்று என் மனைவி ஆசை காட்டினாள். வைத்தேன், இருபது வயது குறைந்தது, கண்ணாடி முன்னால் நிற்கிற மாதிரி அரைமணி நேரம் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் உங்களுக்கு அடையாளம் தெரியாமல் போய் இன்னொரு வெட்டு விழுந்தால் என்ன செய்வது என்று வழுக்கையைத் திரும்ப வைத்துவிட்டேன். சம்பந்திக்காக முடியைத் துறந்தவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். தாங்கள் எனக்காகச் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, அந்த வாளை வாசலுக்கு வெளியே ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு உள்ளே வாருங்கள்.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடத்தை விடாதீர்கள். சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கத்தையும், பிள்ளைகள் போன் செய்தால் எங்கள் ஆசியையும் சொல்லவும். நம் இரண்டு குடும்பமும் ஒற்றுமையாக, வெட்டுக்காயம் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
நடந்ததையெல்லாம் மறந்து தங்களை மன்னித்துவிட்ட,
பெண்ணைப் பெற்றவன்

பி.கு.: உறையை ஒட்டப் போன நேரத்தில் என் மனைவி வந்து, என்ன எழுதினீங்க, படிங்க கேக்கறேன் என்றாள். படித்தேன். குறுக்கே விழுந்து தடுத்திருப்பாள் என்கிற இடத்தில் சிரிக்க ஆரம்பித்தவள், மன்னித்துவிட்டேன் என்பது வந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெட்டினது நான்தாங்க" என்றாள்.

தங்கள் படத்தைக் கடைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தேனே, அப்போது அதில் திறந்து கிடந்தது அவளுடைய கணக்காம். அவள் போனில் அவளுக்குத் தன் உருவம் பழையபடி பச்சை உடுப்போடுதான் தெரிந்திருக்கிறது, மற்ற எல்லார் கண்ணுக்கும் அவள் காக்கி போட்ட சம்பந்தி. மாடியில் ஒரு சம்பந்தி, வாசலில் ஒரு சம்பந்தி. பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்குள் பேய் நுழைகிறது என்று என் மனைவிதான் வாளை எடுத்திருக்கிறாள். அன்றைக்கே மாப்பிள்ளை கண்டுபிடித்துச் சொல்லிவிட்டாராம், அவள் சம்பந்தியம்மாவிடம் சொல்லிவிட்டாளாம், என்னைத் தவிர எல்லாருக்கும் தெரியுமாம். நீங்க அவகிட்ட, "பழி என் மேலயே இருக்கட்டும்மா. நான் தூரத்துல இருக்கேன், அவர் பேசலைன்னா எனக்கு ஒண்ணும் ஆகாது, நீ ஒரே வீட்ல இருக்கே" என்றீர்களாமே.

செய்யாத வெட்டுக்கு மன்னிப்புக் கேட்ட மனுஷனை நான் இத்தனை பக்கத்துக்கு மன்னித்திருக்கிறேன். வெட்கமாகவும் இருக்கு, சந்தோஷமாகவும் இருக்கு. கிழித்துப் போடுகிறேன் என்றால் இவள் விடமாட்டேன் என்கிறாள், அண்ணனும் படிச்சுச் சிரிக்கட்டும் என்கிறாள். அதனால் மேலே எழுதிய எதையும் மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள், முக்கியமாக அந்தப் பெட்டி, பூட்டு சமாச்சாரத்தை. ஞாயிற்றுக்கிழமை கையில் ஒன்றும் இல்லாமல் வாசலில் வந்து குனிந்து நிற்கிறேன். வாளோடு வாங்க சம்பந்தி, உங்க கையாலயே ஒண்ணு போடுங்க. கேட்ட மன்னிப்பு வீணாப் போகக் கூடாது.