விழுப்புரம் கேட்டில் ஒரு டவுட்டு

தென்னாற்காட்டுப் பாதிரியார்கள் சாத்தானுக்குக்கூட அவ்வளவு பயந்ததில்லை, விழுப்புரம் ஜங்ஷன் டிக்கெட் கலெக்டருக்குத்தான் பயந்தார்கள். சாத்தானைச் சிலுவை போட்டு விரட்டிவிடலாம். எங்கள் ஆளை எப்படி விரட்டுவது? டிக்கெட் அவர் கையில் அல்லவா இருந்தது.

ஐம்பதுகளின் கடைசியில் நான் அங்கே பார்சல் ஆபீசில் குமாஸ்தா. என் ஜன்னலுக்கு நேர் எதிரே வெளிவாசல் கேட். காசு கொடுக்காமல் தினமும் கூத்துப் பார்த்தேன். சித்திரை வெயிலிலும் கறுப்புக் கோட்டைக் கழற்றமாட்டார் மனுஷர். போர்ட்டரிலிருந்து ஸ்டேஷன் மாஸ்டர் வரை எல்லோருக்கும் அவர் 'டவுட்டு'. எனக்கு டவுட்டு அண்ணன். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்திருக்கும், அதைக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்.

சாதாரண ஜனங்களிடம் அவர் வம்பு வைத்துக்கொள்ள மாட்டார். டிக்கெட்டை வாங்குவார், தலையை ஆட்டுவார், அவ்வளவுதான். வெள்ளை அங்கி ஒன்று தூரத்தில் தெரிந்துவிட்டால் போதும், ஆள் நிமிர்ந்துவிடுவார். டிக்கெட்டை வாங்கி இரண்டு விரலுக்கு நடுவே பிடித்துக்கொண்டு, வாசலுக்குக் குறுக்கே காலை வைத்து, ரொம்பப் பணிவாகக் கேட்பார்.

"சாமி, ஒரு டவுட்டு. ஏசு ஒருத்தர்தானே? கோயிலு மட்டும் ஏன் இத்தினி?"

பின்னால் மூட்டை முடிச்சோடு கூட்டம் முட்டும். கோழிக்கூடையோடு நிற்கிற கிழவி திட்டுவாள். டவுட்டு அண்ணன் காதில் எதுவும் விழாது. விழுப்புரம் ஜங்ஷன் என்றால் சும்மாவா? பாண்டிச்சேரிக்கும் வேலூர்ப் பக்கத்துக்கும் தரங்கம்பாடிப் பக்கத்துக்கும் போகிற மாதா கோயில் சாமியார், மிஷன் பாதிரியார் எல்லோரும் வண்டி மாற அங்கே இறங்கித்தான் ஆகவேண்டும், இறங்கினால் ஒரு காப்பிக்காவது அவர் கேட்டைத் தாண்டவேண்டும். அந்த ஊரில் வேலை கிடைத்தது அவருடைய அதிர்ஷ்டம், அவர்களுடைய கிரகம்.

பதில்களை எல்லாம் சேகரித்துக்கொண்டு வந்து, டீ வேளையில் என்னிடம் ஒப்பிப்பார். ஆதியில் கிழக்கே இருந்தவர்களும் மேற்கே இருந்தவர்களும் யார் பெரியவர் என்று பிரிந்துபோன கதையை ஒரு வயசான சாமியார் சொன்னாராம். அதைக் கேட்ட டவுட்டு அண்ணன், "அண்ணன் தம்பி பாகம் பிரிச்சிக்கினாங்க, வேற இன்னா?" என்று முடித்துவிட்டார். ஜெர்மனியில் ஒரு துறவி, பாவமன்னிப்பைச் சீட்டாக எழுதிக் காசுக்கு விற்கலாமா என்று கேட்கப்போய்ச் சபையே இரண்டானது என்று தரங்கம்பாடிப் பக்கத்துப் பாதிரியார் ஒருவர் சொன்னார். அன்றைக்கு அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா தம்பி, அங்கயும் டிக்கெட் தகராறுதான்" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இங்கிலாந்து ராஜா ஒருத்தர் பெண்டாட்டியைத் தள்ளிவைக்கப் பார்த்தார், போப்பாண்டவர் முடியாது என்றார், ராஜா தனிச் சபை வைத்துக்கொண்டார் என்று இன்னொருவர் விளக்கினார். பெண்டாட்டியோடு ஒத்துப்போயிருந்தால் ஒரு சபை மிச்சமாகியிருக்குமே என்று அண்ணன் வருத்தப்பட்டார். குழந்தைக்குத் தலையில் தண்ணீர் தெளிப்பதா, வளர்ந்த ஆளை ஆற்றில் முக்குவதா என்பதில் பிரிந்தவர்கள் உண்டு என்றார் ஒரு பாதிரியார். சுதந்திரம் வந்த கையோடு நம் பக்கத்திலேயே சில மிஷன்கள் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன என்று பெருமையாகச் சொன்னார் வேறொருவர். "அப்ப மீதிப் பேரு எப்ப?" என்று இவர் கேட்டதும், அந்த மனுஷர் டிக்கெட்டை விட்டுவிட்டுக் குடையோடு ஓடினார்.

போகப் போக அவர்கள் உஷாரானார்கள். சிலர் முந்தின ஸ்டேஷனிலேயே இறங்கி பஸ் பிடித்தார்கள். ஒருவர் அங்கியைப் பெட்டியில் போட்டுவிட்டு, அரிசி மண்டிக்காரர் மாதிரி வேட்டி துண்டோடு வந்தார். கேட் வரைக்கும் நன்றாகத்தான் வந்தார். யாரோ காலை மிதித்துவிட, "ஸ்தோத்திரம்" என்றார் பாவம். அன்றைக்கு அவரை விட அரைமணி நேரமாயிற்று. புகார்கள் போயின. ஸ்டேஷன் மாஸ்டர் கூப்பிட்டு எச்சரித்தார். டவுட்டு அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, அவரிடமும் அதே டவுட்டைக் கேட்டார். ஸ்டேஷன் மாஸ்டரோ திருநாமம் போட்ட வைஷ்ணவர்.

எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். பிறகு அவர் குடியிருந்த திண்டிவனத்துக்கே நானும் குடிபோய், தினமும் அவரோடு ஒரே பாசஞ்சரில் போய்வர ஆரம்பித்தேன். சிரிப்பு அதோடு நின்றது.

அவர் மாதா கோயில்காரர், கத்தோலிக்கர். அவர் பெண்டாட்டி கிருபை அண்ணி மிஷன் கோயில்காரர், புராட்டஸ்டண்ட். காதலித்து, ரிஜிஸ்திரார் ஆபீசில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். பெண் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானம் எந்தக் கோயிலில் என்று கேள்வி வந்தது. மாதா கோயிலில்தான், மரியா என்றுதான் பேர் வைக்கவேண்டும் என்றார் இவருடைய அம்மா. மிஷன் கோயிலில்தான், சாராள் என்றுதான் வைக்கவேண்டும் என்றார் அண்ணியின் அப்பா. அடுத்த ஞாயிறு, அதற்கடுத்த ஞாயிறு என்று தள்ளிப்போனது. அதுவரைக்கும் குழந்தைக்குப் பாப்பா என்றே பேர். ஒரு மழைக்காலத்தில் ஜுரம் கண்டு, பாப்பாவாகவே போய்விட்டது.

சண்டை அதற்கப்புறமும் ஓயவில்லை. ஞானஸ்நானம் பெறாத குழந்தை என்பதால் மாதா கோயில் கல்லறைக்குள் முறை இல்லை, வெளிச்சுவர் ஓரமாக இடம் தரலாம் என்றார் சாமியார். நல்ல மனுஷர், அழுதுகொண்டேதான் சொன்னாராம். என் பிள்ளை என்ன தெருவில் கிடக்கிறதா என்று அண்ணி கேட்டார். மிஷன் பாதிரியார் நாங்கள் வைத்துக்கொள்கிறோம் என்றார், இவருடைய அம்மா தலையில் அடித்துக்கொண்டு வழி மறித்தார். கடைசியில் கிளியனூர் ரோட்டில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் செய்கிற ஒரு கூட்டாளி, விபூதி பூசுகிற விவசாயி, தன் கொல்லையில் வரப்பு ஓரமாக இடம் கொடுத்தார். அந்த இடத்தை ஏர் தொடாது என்று சத்தியம் செய்தார். அந்த மனிதர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் புருஷனும் பெண்டாட்டியும் கோயிலுக்குத் தனித்தனியாகப் போவார்கள், அங்கிருந்து கொல்லைக்குச் சேர்ந்து போவார்கள். எது ஆதிக் கோயில், யார் சொல்வது சரி என்று தெரிந்துவிட்டால் பாப்பாவை எடுத்து அந்தக் கோயில் சொல்கிற இடத்தில் வைத்துவிடலாம் என்பது டவுட்டு அண்ணனின் கணக்கு. அது மிஷன் கோயில் என்றால் மிஷன் கோயில். அம்மா செத்துப்போயிருந்தார், தடுக்க ஆளில்லை. பதில்தான் கிடைக்கவில்லை. ரயிலில் இதைச் சொல்லிவிட்டு, "புள்ளைக்கு ஒரு எடம் பாத்துடணும் தம்பி, அவ்ளோதான்" என்றார்.

ஒரு நாள் பாண்டிச்சேரி போகிற ஒரு சாமியாரும், அங்கேயே போகிற ஒரு மிஷன் பாதிரியாரும் ஒரே ரயிலில் வந்து, ஒரே நேரத்தில் கேட்டில் மாட்டினார்கள். டவுட்டு அண்ணனுக்கு யோகம். இரண்டு டிக்கெட்டையும் பிடித்துக்கொண்டு கேள்வியைக் கேட்டார். அவர் ஒன்று சொல்ல இவர் மறுக்க, போப்பாண்டவரில் ஆரம்பித்து மாதாவைத் தொட்டு, கோயிலில் தருகிற அப்பம், திராட்சை ரசம் வரைக்கும் போனது. பாண்டிச்சேரி வண்டி ஊதிவிட்டுப் புறப்பட்டதை மூவருமே பார்க்கவில்லை. அடுத்த வண்டி வரும்வரை இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இட்லியைப் பங்கிட்டுத் தின்னவேண்டியதாயிற்று. அண்ணன் தன் செலவில் காப்பி வாங்கி வந்தார். அவர்கள் கோபமெல்லாம் அடங்கியிருந்தது. அண்ணன் சும்மா பேச்சுக்குத்தான் கேட்டார்.

"சரி வுடுங்க. ரெண்டு பேரும் ஒத்துக்கிற விஷயம் ஒண்ணாவது இருக்குதா?"

சாமியார் யோசித்தார். "ஞானஸ்நானம் இருக்குதே. அது யார் குடுத்தாலும் செல்லும். அவசரம்னா சாமியாரே வேணாம். வீட்டுல இருக்கிறவங்க யாராவது தலையில தண்ணி ஊத்தி, பிதா குமாரன் பரிசுத்த ஆவி பேரால சொன்னா போதும்" என்றார். பாதிரியாரும் தலையை ஆட்டினார். அவர்கள் கோயிலில் வாங்கிக்கொண்டு வந்தவர்களுக்கு நாங்கள் மறுபடி கொடுப்பதில்லை, தண்ணீர் ஒன்றுதான் என்றார்.

"அப்படி ஊத்தின புள்ளைய கல்லறைக்கு உள்ளயே வைப்பீங்களா, சாமி?"

"தாராளமா. எங்க கல்லறையிலும் வைக்கலாம், இவங்க கல்லறையிலும் வைக்கலாம்."

டவுட்டு அண்ணன் எழுந்து போய் கேட்டில் நின்றுகொண்டார். அன்றைக்கு அதன் பிறகு வந்த ஒருவரிடமும் அவர் டிக்கெட் வாங்கவில்லை. எல்லோரும் அவரவர் பாட்டுக்குப் போனார்கள். சாயந்திரம் ரயிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஒரு சொம்புத் தண்ணீர். எந்தக் கோயிலாக இருந்தாலும் ஒன்றுதான் என்கிற ஒரே விஷயத்துக்காகவா இரண்டு குடும்பமும் அடித்துக்கொண்டது? "சின்ன வயசுல ஞானோபதேச வகுப்புல சொல்லித்தான் குடுத்திருப்பாங்க தம்பி. நான் எங்க கேட்டேன்?" என்றார். கேள்வி கேட்டே பேர் வாங்கிய மனுஷர் அதைச் சொன்னது எனக்குத் தாங்கவில்லை.

அண்ணியிடம் எப்படிச் சொல்வது? மறைக்கவும் அவரால் முடியவில்லை, தனியாகச் சொல்லவும் தைரியமில்லை. ஞாயிற்றுக்கிழமை என்னையும் கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போனார். மல்லாட்டைச் செடி மஞ்சளாகப் பூத்திருந்தது. அண்ணி குனிந்து அந்த இடத்தில் முளைத்திருந்த புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். அண்ணன் தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டு ஒருவழியாகச் சொல்லி முடித்தார். அண்ணி நிமிரவில்லை. புல்லைப் பிடுங்கிக்கொண்டே பேசினார்.

"அன்னிக்கு நீங்க டாக்டர கூப்புடப் போய்ட்டீங்க. அதுக்கு மூச்சு இழுத்துக்கினு இருந்துச்சி. எனக்கு மனசு கேக்கல. குடிக்கிற தண்ணிய சொம்புல எடுத்து தலையில ஊத்தி, அந்த வார்த்தைய சொல்லிட்டேன். பொம்பள ஊத்தினது எங்க செல்லப்போவுதுன்னு யார்கிட்டயும் சொல்லல."

அண்ணன் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "இன்னா பேரு சொல்லி ஊத்தின?" என்று கேட்டார்.

"உங்க அம்மா ஆசப்பட்ட பேருதான். மரியான்னு."

"உங்கப்பா சொன்ன பேர வுட்டுட்டியா? ஏன்?"

"போற புள்ளைய மடியில வச்சிக்கினு எதுக்குங்க சண்ட?"

நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அண்ணனின் குரல் கேட்டது. குழந்தை வெளி ஆளே இல்லை, எல்லா முறையும் அதற்கு நடந்திருக்கிறது, இனிமேல் எடுத்துக் கல்லறையிலேயே வைத்துவிடலாம் என்று பரபரப்பாகச் சொன்னார். அண்ணி முதல்தடவையாக நிமிர்ந்து பார்த்தார்.

"எந்தக் கல்லறையிலங்க?"

அண்ணனுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அண்ணியும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு எப்போது அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். "இங்கயே இருக்கட்டும்" என்று யாரோ ஒருவர் சொன்னார், அண்ணனா அண்ணியா என்று நான் கவனிக்கவில்லை. அடுத்த வாரம் மரியா என்று பேர் வெட்டிய ஒரு சின்னக் கல் அங்கே வந்தது.

அதற்குப் பிறகு பாதிரியார்கள் எல்லோரும் விழுப்புரத்தில் நிம்மதியாக இறங்கினார்கள். எதிர்பார்த்து வந்த ஒன்றிரண்டு பேருக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. அண்ணனின் காலோ கேட்டுக்குக் குறுக்கே அப்படியேதான் இருந்தது. இப்போது கைக்குழந்தையோடு வருகிறவர்கள்தான் மாட்டினார்கள். இந்து, துலுக்கர், கிறிஸ்தவர் என்ற பேதம் கிடையாது. "புள்ளைக்குப் பேரு வச்சாச்சா?" என்பார். வைத்தாயிற்று என்றால் என்ன பேர் என்று கேட்டு, குழந்தையை அந்தப் பேர் சொல்லி ஒருதரம் கூப்பிட்டுவிட்டுத்தான் வழி விடுவார். இன்னும் வைக்கவில்லை என்றால் தொலைந்தார்கள். நல்ல நாள் பார்க்கவேண்டும், தாய்மாமன் வரவேண்டும் என்கிற சாக்கெல்லாம் அவரிடம் நடக்காது. "ஜல்தியா வைம்மா" என்று கெஞ்சுவார். கேட்டிலேயே பேர் வைத்துக்கொண்டு போன குடும்பங்கள் உண்டு.

அறுபதுகளின் நடுவில் ரிடையர் ஆனார். அண்ணி முந்திப் போனார், அவர் பின்னால் போனார். ஒருவர் மிஷன் கல்லறையில், ஒருவர் மாதா கோயில் கல்லறையில். பிள்ளை மட்டும் மல்லாட்டைக் கொல்லையில் இருக்கிறது.

போன மாதம் என் பேத்தியைத் தூக்கிக்கொண்டு விழுப்புரத்தில் இறங்கினேன். கேட்டில் நின்ற பையன் டிக்கெட்டைப் பார்க்காமலே கையை ஆட்டி விட்டுவிட்டான். எனக்குத்தான் காலெடுத்து வைக்க முடியவில்லை. குழந்தையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, பேர் வைத்தாயிற்று அண்ணே என்று சொல்லி, அந்தப் பேரையும் சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தேன்.